பூஜை போட்ட மைதானம்

இலக்கியா விசிறியடித்த பொரித் தட்டு வாசல் கோலத்தின் மேல் போய்க் கவிழ்ந்தது. பொரியும் பொட்டுக்கடலையும் தெரு வரைக்கும் சிதறின. ஆயுத பூஜை நாளும் அதுவுமாகப் படையல் தட்டை வீசினால் எந்த அம்மாதான் சும்மா இருப்பாள்? ஜோதி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். வந்தவள் மகளின் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே இறக்கிவிட்டாள்.

"என்ன சாமி ஆச்சு?"

"உங்க ஊட்டுக்காரரக் கேளுங்க."

போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது. மறுமுனையில் மோனிஷா. ராசிபுரத்துப் பெண், யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், இலக்கியாவோடு சேர்ந்து கபடிக்காக நாயாய் அலைந்தவள். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நம்ம கிரவுண்டுல பஸ்ஸ நிறுத்திட்டாங்கடி. ஒண்ணு ரெண்டு இல்ல, யுனிவர்சிட்டி பஸ் மொத்தமும் அங்கதான் நிக்குது. தண்ணி அடிச்சுக் கழுவி, பூசணிக்காய வேற ஒடச்சுப்புட்டாங்க. உங்கப்பா வண்டிதான் முதல்ல நிக்குது."

உங்கப்பா வண்டி. அந்தச் சொல்தான் தட்டைத் தூக்கி வீச வைத்தது.

மறுநாள் விஜயதசமி. காலை ஒன்பது மணிக்கு அந்த மைதானத்தில் பெண்கள் கபடி கிளப்பின் தொடக்க ஆட்டம். ஆத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி அணி வருவதாக ஏற்பாடு. அந்த ஆட்டம் நடந்தால் கிளப் உண்டு. நடக்காவிட்டால் இல்லை.

சும்மா வந்ததா அந்த ஆட்டம்? ஆண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் கிளப், ஃபுட்பால் கிளப், கபடி கிளப் எல்லாம் கேட்காமலே இருந்தன. பெண்கள் போய்க் கேட்டதும் விளையாட்டுத் துறை இயக்குநர் சிவபிரகாஷ் சாருக்கு உலகத்தில் இல்லாத சந்தேகமெல்லாம் வந்துவிட்டது. கேரம் ஆடலாமே என்றார். ஷட்டில் ஆடலாமே என்றார். டிரவுசர் போட்டுக்கொண்டு ஒருத்தி காலை ஒருத்தி பிடித்து இழுத்தால் பெற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்றார். பெற்றவர்களிடமே எழுதி வாங்கிவந்து கொடுத்தார்கள். "பாக்கலாம்மா" என்றார். ஒன்றரை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தார், மகராசன்.

கடைசியில் பதிவாளர்தான் போனால் போகிறது என்று ஒப்புக்கொண்டார். இடத்தை நீங்களே தயார் பண்ணிக்கொள்ள வேண்டும், இந்த மாதத்துக்குள் வெளி அணியோடு ஒரு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம். இலக்கியாவுக்கு இது கடைசி வருஷம். அடுத்த வருஷம் என்றால் எப்போதுமே இல்லை என்று அர்த்தம், அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கொடுத்த இடமாவது இடமா? லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பின்னால், போர்வெல் போட்டபோது வந்த கல்மாவைக் கொட்டி வைத்திருந்த பொட்டல். சீமைக்கருவேல முள் ஆள் உயரத்துக்கு நின்றது. பெண்கள் அதை வெட்டினார்கள். கல் பொறுக்கினார்கள். செம்மண் அடித்து, சலித்து, மணல் கலந்து, தண்ணீர் தெளித்து, இறுக்கி, மறுபடி தெளித்து இறுக்கினார்கள். கையில் ஏறிய முள்ளை ஊசியால் எடுத்துக்கொண்டே மறுநாள் பரீட்சை எழுதினார்கள். கடைசியில் அந்த இடம் வெறுங்காலில் ஓடினால் சுகமாக இருக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

விஜயதசமி என்று நாள் குறித்ததும் இலக்கியாதான். அன்றைக்கு ஆரம்பித்தால் தடங்கல் வராது என்று அவள் வீட்டில் நம்பிக்கை. அடி முட்டாளே! டிரைவர் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு முதல் நாள் என்ன நாள் என்று தெரியாதா? நாமக்கல் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் லாரி, போர்வெல் ரிக், பஸ், டிராக்டர் என்று உருளுகிற அத்தனையும் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்த ஒரு சுத்தமான இடம் தேடி அலையும் என்று நினைவு வர வேண்டாமா? வரவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அப்பா மேல் வந்தது அதைவிடப் பெரிசு.

அவள் அப்பா செங்கோடன், யுனிவர்சிட்டியின் பதினாலாம் நம்பர் பஸ் டிரைவர். எருமப்பட்டியிலிருந்து தினமும் அந்த வண்டியில்தான் அவளும் போய்வருவாள். டிரைவர்களிலேயே அவர்தான் மூத்தவர். மோனிஷாவின் போனை வைத்ததும் அவருக்கு அடித்தாள்.

"ஏனுங்ப்பா, அது எங்க கிரவுண்டுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் சாமி."

"தெரிஞ்சுதான் வண்டிய உட்டீங்களா?"

பின்னால் யாரோ மேளம் அடிப்பது கேட்டது.

"நாளைக்குக் காலைல ஆட்டமுங்ப்பா. இப்பவே எடுக்கச் சொல்லுங்க. மண்ண நாங்க ராவோட ராவா சரி பண்ணிக்கறோம்."

"எடுக்க முடியாது கண்ணு. சாவியெல்லாம் சாமி முன்னால வெச்சாச்சு."

அந்த வார்த்தையோடு அவள் போனை வைத்துவிட்டாள். சாவியைச் சாமி முன்னால் வைப்பது சேர்மன் வீட்டுப் பழக்கம். ஒற்றை லாரியில் தொழில் தொடங்கியவர் அவர். லாரி ரிக்காகி, ரிக் காலேஜாகி, காலேஜ் யுனிவர்சிட்டியாகிப் போனாலும் அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. பூஜை அன்றைக்கு எல்லாச் சாவியும் ஒரே தாம்பாளத்தில் சாமி முன்னால் இருக்கும். மறுநாள் அவரே வந்து கற்பூரம் காட்டி, ஒவ்வொரு டிரைவருக்கும் தன் கையால் சாவி எடுத்துக் கொடுப்பார். அதுவரை ஒரு சக்கரமும் உருளக் கூடாது.

மறுநாள் முதல் பஸ் பிடித்து இலக்கியா யுனிவர்சிட்டிக்குப் போனபோது நன்றாக விடிந்திருந்தது. மோனிஷாவும் மற்ற பெண்களும் ஜெர்சி போட்டுக்கொண்டு ஹாஸ்டல் சுவரோரம் குந்தியிருந்தார்கள்.

பஸ்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் வாழைக்கன்று, மாலை, கண்ணாடியில் சந்தனப் பட்டை. ஏதோ கல்யாண வீடு மாதிரி இருந்தது. கீழே பார்த்தால் வயிறு எரிந்தது. கழுவிய தண்ணீர் ஊறி மண் சேறாகியிருந்தது. சக்கரங்கள் கணுக்கால் ஆழத்துக்குத் தடம் போட்டிருந்தன. நடுக்கோடு வரவேண்டிய இடத்தில் குங்குமம் குழைந்த பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. கிரீஸ் வாடை வேறு.

போக்குவரத்து மேலாளர் தீனதயாளன் பட்டுச் சட்டையில் ஷாமியானாவுக்குக் கீழே நின்று நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். இலக்கியா நேராக அவரிடம் போனாள்.

"சார், இது கபடி கிரவுண்டுங்க. பதிவாளர் சார் எங்களுக்குக் குடுத்த எடம்."

"அதுக்கென்ன இப்ப? ஒரு நாள்தான அம்மணி. கிரவுண்டு எங்க ஓடியா போவுது?"

"ஒம்பது மணிக்கு மேட்சுங்க."

"சேர்மன் ஐயா பதினொண்ணுக்குத்தான் வாராரு. நல்ல நேரம் அப்பதான். அதுக்கு முன்னால வண்டியத் தொட்டா என்ற வேலை போயிரும். பேசாம ஓரமாப் போய் உக்காருங்க, பொரி தாரேன்."

பொரி! இலக்கியாவுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"எத்தனையோ எடம் கெடக்குதுங்களே சார். எதுக்கு எங்க எடத்துக்கு வந்தீங்க?"

"நானா வந்தேன்? உங்கப்பனக் கேளு. அவன்தான் டீக்கடையில நின்னு, எம்பட புள்ளைங்க கடுகளவு கல்லு இல்லாம ஒரு எடம் பண்ணி வெச்சிருக்குதுங்க, சோத்தக் கொட்டித் திங்கலாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தான். போய்ப் பாத்தேன். நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு."

செங்கோடன் தன் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். மகள் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எல்லோருக்கும் எழுந்து நிற்கிற மனிதர்தான் அவர். ஆனால் மகளுக்காக எழுந்தது அன்றுதான்.

"பெருமைக்குத்தான் சொன்னேன் சாமி," என்றார். "இப்படி ஆகுமின்னு கண்டனா?"

"சரிங்க, பெருமைக்குச் சொன்னீங்க. மொத வண்டிய எதுக்கு உட்டீங்க?"

"மொத வண்டி எப்பவும் என்றதுதான. நா உட்டாத்தான் மத்தவன் உடுவான்."

"அதத்தாங்ப்பா கேக்கறேன்! நீங்க உடாம நின்னிருந்தா ஒருத்தரும் உட்டிருக்க மாட்டாங்களே? எம்பட புள்ளைங்க கை ஒடைய ஒடைய வேலை செஞ்ச எடமுங்க, வேற பக்கம் நிறுத்தறேனுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலீங்களா?"

செங்கோடன் துண்டை எடுத்து வண்டியில் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். மற்ற டிரைவர்கள் அப்படியே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் அவள் வயசில் பெண் இருந்தது.

அப்போது சிவபிரகாஷ் சார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மைதானத்தை ஒரு முறை பார்த்தார். அவருக்கு முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை இலக்கியா கண்ணால் கண்டாள்.

"விடும்மா. நமக்கு அமையல. ஆத்தூர் டீமுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிரு. அடுத்த வருஷம் பெரிசாவே பண்ணலாம்."

"அவங்க கெளம்பி வாழப்பாடி தாண்டிட்டாங்க சார்."

"அப்ப வந்ததும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிரலாம்."

இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்? இலக்கியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆத்தூர் அணி அரசு பஸ்ஸில் வந்து இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் மலர்விழி. நாற்பது வயது இருக்கும், முன்னாள் ஆட்டக்காரி, ஒரு முழங்காலில் ஆபரேஷன் தழும்பு. சேற்றையும் பஸ்களையும் பார்த்தார். பிறகு இலக்கியாவைப் பார்த்தார்.

"நாங்க டீ குடிக்க வரலை. மதியம் எங்களுக்குத் திரும்பிப் போற பஸ் இருக்கு. எங்க ஆடணும்னு நீ சொல்லு, ஆடறோம். தார் ரோட்ல மட்டும் சொல்லாத. பிள்ளைங்க முழங்கால் போயிடும்."

எங்கே ஆடுவது? பையன்களின் கபடி மைதானத்துக்குப் பூட்டு. சாவி வைத்திருக்கும் ஆள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டான். மோனிஷா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். இலக்கியா விறுவிறுவென்று நடந்தாள். எங்கே போகிறாள் என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் பின்னால் போனார்கள்.

நிர்வாகக் கட்டடத்துக்கு எதிரே, சேர்மனின் அப்பா சிலையைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளி. அது சேர்மனின் செல்லம். கோடையில் லேடீஸ் ஹாஸ்டல் குழாயில் காற்று வந்த நாளிலும் அந்தப் புல்லுக்கு இரண்டு வேளை தண்ணீர் போனது. சுற்றிலும் சங்கிலி கட்டி, யாரும் மிதிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். நாலு வருஷம் படித்து முடித்தவர்கள்கூட அதில் கால் வைத்ததில்லை.

இலக்கியா செருப்பைக் கழற்றினாள். சங்கிலியைத் தாண்டி உள்ளே போய் நின்றாள்.

"ஏய், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் மோனிஷா.

"ஆமா. நீயும் வா."

"டிஸ்மிஸ் பண்ணிருவாங்கடி."

"பண்ணட்டும். அவங்க பஸ்ஸு நம்ம கிரவுண்டுல நிக்கலாம், நாம அவங்க புல்லுல நிக்கக் கூடாதா? நாம உழுது போடப் போறதில்ல. ஆடிட்டுப் போறோம். வாரியா, இல்லியா?"

மோனிஷா ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு பூஜைக்கு வாங்கி மிச்சமிருந்த கோலமாவுப் பையை எடுத்துவர ஹாஸ்டலுக்கு ஓடினாள். மலர்விழி டீச்சர் காலடியால் அளந்து சொல்லச் சொல்ல, இரண்டு அணிப் பெண்களும் சேர்ந்தே கோடு போட்டார்கள். பச்சையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது. காவலாளி சுவாமிநாதன் "அம்மா, வேண்டாம்மா" என்று சங்கிலிக்கு வெளியே அங்கும் இங்கும் ஓடினார். உள்ளே வந்து தடுக்கலாம் என்றால் அவரும் புல்லை மிதிக்க வேண்டுமே! போனை எடுத்து யார் யாருக்கோ அடித்தார். நடுவராக நிற்க வேண்டிய சிவபிரகாஷ் சார் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். டீச்சரே விசிலை வாயில் வைத்தார்.

முதலில் பாடிப் போனது ஆத்தூர்ப் பெண். மோனிஷா அவள் கணுக்காலைப் பிடித்தாள், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். விசில். அடுத்து இலக்கியா. கபடி கபடி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனபோது அவளுக்கு எதிரே நின்றது ஆத்தூர் அணியே இல்லை. தீனதயாளன், சிவபிரகாஷ், பொரித் தட்டு, பதினாலாம் நம்பர் பஸ் எல்லாம் நின்றன. பாடிப் போன ஒரே மூச்சில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள்.

கூச்சல் கேட்டு முதலில் இரண்டு டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் சேந்தமங்கலத்துக்காரர்கள், எருமப்பட்டிக்காரர்கள். திருவிழாவுக்குத் திருவிழா கபடி பார்த்து வளர்ந்தவர்கள். கபடிச் சத்தம் கேட்டால் கால் நிற்குமா? ஐந்தாறு பேர் வந்தார்கள். பிறகு மொத்தப் பேரும் வந்துவிட்டார்கள். "அந்தப் பக்கம் அடை புள்ள!", "கையக் கொடுக்காத, காலப் போடு!" என்று யோசனை வேறு. சங்கிலி ஓரத்தில் கடைசியாக வந்து நின்றவர் செங்கோடன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

பதினொரு மணிக்குச் சேர்மன் வந்தார். கற்பூரத் தட்டு தயார், சாவித் தாம்பாளம் தயார், சாவி வாங்க ஒரு டிரைவர் இல்லை. தீனதயாளன் வியர்த்து விறுவிறுத்து நின்றார். சேர்மன் சத்தம் வந்த திக்கில் நடந்து வந்தார். தன் புல்லைப் பார்த்தார். பெண்கள் உருண்டு புரண்டதில் அங்கங்கே பெயர்ந்து மண் தெரிந்தது.

"நிறுத்துங்க!" என்றார். விசில் நின்றது. டிரைவர்கள் ஆளாளுக்குத் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள்.

"யாரு இதுக்கு அனுமதி குடுத்தது?"

இலக்கியா முன்னால் வந்தாள். முழங்கையில் ரத்தம், தலையெல்லாம் புல். "நானுங்க. எங்க கிரவுண்டுல உங்க பஸ்ஸு நிக்குதுங்க. அதனால இங்க வந்தோம்."

"யாரு அம்மணி நீ?"

"பதினாலாம் நம்பர் வண்டி செங்கோடன் புள்ளைங்க."

சேர்மன் திரும்பினார். செங்கோடனை எங்கே நின்றாலும் அவருக்குத் தெரியும். இருபது வருஷப் பழக்கம். "செங்கோடா, உன்ற புள்ளைகிட்டச் சொல்லு. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வெளிய போகச் சொல்லு."

செங்கோடனின் கை இரண்டும் கட்டியபடிதான் இருந்தன. "நேத்து வண்டிய உடச் சொன்னாங்க, உட்டுப்போட்டேனுங்க," என்றார். "இத எம்பட வாயால சொல்ல மாட்டேனுங்க. அந்த எடத்துல மண்ணு சுமந்தது அதுங்க. நீங்களே வேணா சொல்லிக்கங்க."

சேர்மன் முகம் கறுத்தது. அவர் வாயெடுப்பதற்குள் இலக்கியா பேசிவிட்டாள்.

"சாவிய சாமி முன்னால வெச்சா வண்டிய எடுக்கக் கூடாதுன்னாங்க. சரிங்க, நாங்க தொடலைங்க. இன்னைக்கு விஜயதசமிங்க. இன்னைக்குத் தொடங்குனத நடுவுல நிறுத்தலாமுங்களா? நிறுத்துங்கன்னு நீங்க சொல்லுங்க, இப்பவே வெளிய போறோம்."

நெற்றியில் குங்குமமும் மணிக்கட்டில் புதுக் கயிறுமாக நின்ற அந்த மனிதர் அத்தனை டிரைவர்களையும் பார்த்தார். அவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாளில், அந்தச் சாவிகளைத் தொடப்போகிற நேரத்தில், ஒரு காரியத்தை நிறுத்து என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

"ஆடி முடிங்க," என்றார் கடைசியில். தீனதயாளனைப் பார்த்து, "அந்த எடத்த யாருய்யா பாத்தது?" என்று பல்லைக் கடித்தார்.

தூணுக்குப் பின்னாலிருந்து சிவபிரகாஷ் சார் இப்போது வெளியே வந்தார். "மகளிர் கபடி கிளப்போட தொடக்க ஆட்டமுங்க ஐயா. நான்தான் ஏற்பாடு பண்ணேன்," என்றார். எல்லோர் காதிலும் விழுந்தது. இலக்கியா சிரித்துவிட்டாள், ஆத்திரத்தில் வரும் சிரிப்பு. சொல்லிவிட்டுப் போகட்டும். சேர்மன் முன்னால் கிளப் என்று சொன்ன வாய், நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

ஆட்டத்தில் ஆத்தூர்தான் ஜெயித்தது. கடைசி இரண்டு முறை பாடிப் போனதில் மோனிஷாவும் இலக்கியாவும் அவுட். தோற்றும் பெண்கள் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். மலர்விழி டீச்சர் இலக்கியாவின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "உங்க கிளப்ப நாங்கதான் முதல்ல தோக்கடிச்சோம், மறந்துடாத," என்றார்.

டிரைவர்கள் சாவி வாங்கப் போனார்கள். செங்கோடன் மட்டும் நின்றார். மகள் செருப்பை மாட்டும்வரை காத்திருந்து பக்கத்தில் வந்தார்.

"நாந்தான் சொல்லிப்போட்டேனல்லோ சாமி," என்றார். "இன்னும் கோவமா?"

இலக்கியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

"அந்த வார்த்தைய நேத்துச் சொல்லியிருக்கோணுமுங்ப்பா."

செங்கோடன் தலையை ஆட்டினார்.

"ஆமா சாமி. நேத்துச் சொல்லியிருக்கோணும்."

ஷாமியானாவிலிருந்து பதினாலாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள். மூத்த டிரைவருக்குத்தான் முதல் சாவி. அவர் போனார். இலக்கியா மைதானத்து மண்ணைச் சரி பண்ண மண்வெட்டி எடுத்துவர ஹாஸ்டல் பக்கம் நடந்தாள்.